யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எதிர்கால இணையத்துக்கு ஒரு சோதனை வலையமைப்பு கட்டலாமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: துறையில் ஒதுக்கி வைத்த பத்துப் பன்னிரண்டு கணினிகளும் அவற்றைக் கம்பியால் இணைக்கும் ஒன்றிரண்டு வலையமைப்புச் சுவிச்சுகளும் கிடைக்கும், அவற்றை வைத்து எதிர்கால இணைய ஆராய்ச்சிக்கு (இணையம் இனி எப்படி இயங்கலாம் என்று பார்க்கும் ஆராய்ச்சிக்கு) ஒரு சோதனை வலையமைப்பு கட்ட முடியுமா? வெளிநாட்டுச் சோதனைக்களங்களில் கணக்கு எடுத்து வேலை செய்வது நல்லதா? இரண்டும் வேண்டாம், வலையமைப்பை மென்பொருளில் பாவனை செய்யும் சிமுலேற்றர் போதும் என்று மேற்பார்வையாளர் சொல்வது சரியா? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒன்றுதான். இங்கே, இந்தச் சாமான்களோடு எடுக்கிற முடிவை வெளியில் யாராவது நம்புவார்களா? நம்புவார்கள். கணினிகளின் எண்ணிக்கையைப் பார்த்து நம்பமாட்டார்கள். நீங்கள் செய்ததை இன்னொருவர் திரும்பச் செய்ய முடிகிறதா, உங்கள் கேள்விக்கு உண்மையான வலையமைப்பு தேவைப்பட்டதா என்று பார்த்துத்தான் நம்புவார்கள். நான் பல வருடங்களாக வலையமைப்பு நிர்வாகமும் கொஞ்சம் கற்பித்தலும் செய்கிறேன். கம்பிவழி வலையமைப்பில்தான் எனக்குப் பழக்கம் அதிகம். வானொலி அலை பற்றிக் கீழே சொல்வதை அந்தத் துறையினரிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

மேற்பார்வையாளர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. என்எஸ்-3 போன்ற சிமுலேற்றரில் நூற்றுக்கணக்கான முனைகளை, அதாவது வலையமைப்பிலுள்ள கணினிகளை, ஒரு மடிக்கணினியில் ஓடவிடலாம். தற்செயல் எண்களுக்கு ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்தால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் வரும். ஒரு யோசனை அடிப்படையில் தேறுமா என்று பார்க்க இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் சிமுலேற்றருக்குள் இருப்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்த உலகம் மட்டும். இடையில் நிற்கும் ஒரு தீச்சுவர் (ஃபயர்வால்) தனக்குப் புரியாத பொதியை (வலையமைப்பில் போகும் தரவுத் துண்டை) சொல்லாமல் கொள்ளாமல் எறிந்துவிடும். மின்னழுத்தம் இறங்கியதும் ரவுட்டர் அரை உயிரோடு தொங்கிக்கொண்டு நிற்கும். இதையெல்லாம் யாராவது முன்கூட்டியே யோசித்து மாதிரிக்குள் எழுதினால்தான் அது வரும். இரண்டுக்கும் நடுவில் எமுலேஷன் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டிலிருந்து 2010இல் வந்த மினிநெட் இதற்கு நல்ல உதாரணம். கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) உண்மை, நிரல் உண்மை, கம்பி மட்டும் பொய். நீங்கள் முதலில் பழக வேண்டியது இதில்தான். இதன் குறையும் தெளிவானது: எல்லா முனைகளும் ஒரே இயந்திரத்தின் செயலியைப் பங்குபோடுகின்றன. சுமை ஏறினால் நீங்கள் அளக்கிற தாமதம் வலையமைப்பினுடையதா, செயலிக்காகக் காத்திருந்த நேரமா என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

பெரிய சோதனைக்களங்களின் கதையைத் தெரிந்துகொள்வது உங்களுக்குப் பயன்படும், ஏனென்றால் அவர்கள் காசு கொடுத்துக் கற்றதை நீங்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். யூட்டா பல்கலைக்கழகத்தின் எமுலாப் ஒரு அறைக்குள் அடங்கியது. நீங்கள் கேட்கிற வரைபடத்தின்படி கணினிகளை சுவிச் வழியாகத் தானே இணைத்து, வட்டில் புதிய இயங்குதளத்தை ஏற்றி, வேலை முடிந்ததும் துடைத்துவிடும். பிளானெட்லாப் அதற்கு நேர் எதிர். 2002இல் தொடங்கி, உலகம் முழுதும் பல்கலைக்கழகங்களில் வைத்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளாக வளர்ந்தது. ஒவ்வொரு ஆராய்ச்சியாளருக்கும் எல்லாக் கணினியிலும் ஒரு சிறு பங்கு. எமுலாபில் நிலைமை உங்கள் கையில் இருக்கும், ஆனால் அது இணையம் கிடையாது. பிளானெட்லாபில் இருந்தது உண்மையான இணையம். நிலைமைதான் யார் கையிலும் இல்லை. பெரிய மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்பும் கடைசித் தேதி நெருங்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் சோதனையை ஓட்ட, கணினிகள் மூச்சுத் திணறும். அந்த வாரத்தில் எடுத்த அளவீடும் ஒரு மாதம் கழித்து எடுத்ததும் ஒத்துப்போகாது. அதன் அமெரிக்கப் பகுதி 2020இல் மூடப்பட்டது. ஜெனி என்ற அமெரிக்கத் திட்டமும் முடிந்து, இப்போது ஃபாப்ரிக் அதன் இடத்தில் இருக்கிறது. ஐரோப்பாவின் ஃபெட்ஃபோர்ஃபயர் திட்டமும் நிதி முடிந்ததும் நின்றது. சோதனைக்களங்களுக்கும் ஆயுள் உண்டு என்பதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

எதிர்கால இணையம் என்று சொல்லும்போது எது உறுதி, எது ஐயம் என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். இணையத்தின் மேல் இன்னொரு வலையமைப்பை மிதக்கவிட்டுச் சோதிக்கலாம் என்பது உறுதி, பலமுறை நடந்திருக்கிறது. 1992இல் எம்போன் என்ற வலையமைப்பு அப்படித்தான் ஒலிபரப்பைக் கொண்டுபோனது. புதிய முகவரி முறையான ஐபிவி6ஐச் சோதிக்க 1996இல் தொடங்கிய 6போன், பழைய இணையத்துக்குள் சுரங்கம் போட்டு (புதுப் பொதியைப் பழைய பொதிக்குள் வைத்து அனுப்பி) ஓடி, வேலை முடிந்ததென்று 2006 ஜூன் 6ஆம் தேதி நிறுத்தப்பட்டது. பல்கலைக்கழக வளாகத்தில் பிறந்த யோசனை வெளியே போய்ப் பயன்படலாம் என்பதும் உறுதி. சுவிச்சுகள் பொதிகளை எங்கே அனுப்ப வேண்டும் என்பதை வெளியிலிருந்து நிரலால் கட்டுப்படுத்தும் ஓப்பன்ஃப்ளோ முறை பற்றி 2008இல் எழுதியவர்கள் அதை வளாக வலையமைப்பில் பரிசோதனை செய்ய ஒரு வழியாகத்தான் முன்வைத்தார்கள்; 2013இல் கூகுள் தன் தரவுமையங்களை இணைக்கும் வலையமைப்பை அந்த முறையில் ஓட்டுவதாக எழுதியது. ஆனால் இன்றைய இணையத்தின் அடிப்படை நெறிமுறையான ஐபியையே தூக்கிவிட்டு வேறொன்றை வைக்கலாம் என்ற முழுப் புது வடிவமைப்புகள் எதுவும் இதுவரை பொது இணையத்தில் ஐபியின் இடத்தைப் பிடிக்கவில்லை. தரவின் பெயரை வைத்தே தேடி எடுக்கும் என்டிஎன் அழகான யோசனை. சூரிச்சில் வளர்ந்த சயன், பாதையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அனுப்புகிறவரிடம் கொடுக்கிறது. இவை எவ்வளவு தூரம் போகும் என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே 'நாளைய இணையத்தைக் கட்டப் போகிறோம்' என்று ஆய்வு முன்மொழிவில் எழுதாதீர்கள். ஒரு சின்னக் கேள்வியை எழுதுங்கள்.

சின்னக் கேள்விக்கு மதிப்பில்லை என்று நினைக்க வேண்டாம். வீட்டு ரவுட்டருக்குள் பொதிகள் அளவுக்கு மீறி வரிசையில் தேங்குவதால்தான், ஒருவர் படம் பதிவேற்றும்போது மற்றவரின் பேச்சு அறுந்து அறுந்து போகிறது. இதற்கு கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல், வரிசையில் நெடுநேரம் தேங்கினால் பொதிகளை எறியும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். அதே காலத்தில் தன்னார்வலர்கள் சிலர் கடையில் வாங்கிய சாதாரண வீட்டு ரவுட்டரில் செரோடபிள்யூஆர்டி என்ற சோதனை மென்பொருளை ஏற்றி, இரவு பகலாக அளந்து திருத்தினார்கள். அந்த உழைப்பின் பலன் இன்று லினக்ஸ் கேர்னலுக்குள் இருக்கிறது. அதன் ஒரு வடிவம் 2018இல் இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் ஆவணமாகவும் வந்தது. அவர்களுக்குத் தேவைப்பட்டது மலிவான ரவுட்டர்களும் பிடிவாதமும்தான்.

சரி, பத்துக் கணினி இருக்கிறது, எப்படிக் கட்டுவது? முதல் விதி, இரண்டு வலையமைப்பு. ஒவ்வொரு கணினியிலும் குறைந்தது இரண்டு ஈதர்நெட் அட்டை வேண்டும். மூன்று இருந்தால் இன்னும் நல்லது. ஒன்று கட்டுப்பாட்டுக்கு: உள்ளே நுழைய, கோப்புகளை அனுப்ப, முடிவுகளைத் திரட்ட. மற்றவை சோதனைக்கு மட்டும். இதைப் பிரிக்காவிட்டால் உங்கள் சோதனை கம்பியை நிரப்பும்போது உங்களாலேயே உள்ளே நுழைய முடியாது, உங்கள் கட்டளைகளின் பொதிகளும் அளவீட்டுக்குள் கலந்துவிடும். விஎல்ஏஎன் (ஒரே சுவிச்சைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கும் முறை) தெரிந்த ஒரு சுவிச் இருந்தால் கம்பியைக் கழற்றி மாட்டாமலே வரைபடத்தை மாற்றலாம். இரண்டாவது, ஒவ்வொரு சோதனையும் துடைத்த பலகையில் தொடங்க வேண்டும். எல்லாக் கணினிக்கும் ஒரே இயங்குதளப் படிமம் (வட்டில் அப்படியே ஏற்றும் பிரதி), அதை வலையமைப்பு வழியாக ஏற்றும் ஒரு நிரல், கேர்னலின் பதிப்பு எண்ணை முடிவுக் கோப்பின் தலையிலேயே எழுதும் ஒரு வரி. நேற்று வேலை செய்தது இன்று ஏன் செய்யவில்லை என்று தேடி வாரங்களை இழப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒழுங்கைத் தள்ளிப்போட்டவர்கள்.

மூன்றாவது, அளவீட்டில் ஒளிந்திருக்கும் பொறிகள். எந்தப் பாடப்புத்தகத்திலும் எளிதில் கிடைக்காததால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நவீன ஈதர்நெட் அட்டைகள் பல பொதிகளை ஒன்றாக ஒட்டி கேர்னலுக்குக் கொடுக்கும், அனுப்பும்போது ஒரு பெரிய துண்டைத் தானே வெட்டும். அதை நிறுத்தாமல் பொதிகளைப் பிடித்துப் பார்த்தால் 1500 பைட்டுக்கு மேற்பட்ட பொதிகள் தெரியும். கம்பியில் அப்படி எதுவும் போயிருக்காது. அடுத்தது, செயற்கையாகத் தாமதம் சேர்க்க லினக்ஸின் நெட்எம் பயன்படுத்துவீர்கள். அதை அனுப்புகிற கணினியிலேயே வைக்காதீர்கள். தரவு தவறாமல் போய்ச்சேரப் பார்த்துக்கொள்ளும் டிசிபி நெறிமுறையின் உள்வரிசைகளோடு அது சிக்கிக்கொள்ளும். நடுவில் ஒரு கணினியைப் பாலமாக நிறுத்தி அதில் வையுங்கள். நெட்எம்மின் வரிசை, நீங்கள் மாற்றாவிட்டால், 1000 பொதிகளுக்கு மேல் தாங்காது. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 200 மில்லிநொடித் தாமதம் கேட்டால், வழியில் இருக்க வேண்டிய தரவு 25 லட்சம் பைட், அதாவது ஏறக்குறைய 1667 பொதி. மிச்சத்தை அது சத்தமில்லாமல் கொட்டிவிடும். நீங்கள் நெறிமுறையில் குறை இருக்கிறதென்று எழுதுவீர்கள், குறை வரிசையின் நீளத்தில் இருந்திருக்கும். கடிகாரமும் அப்படித்தான். என்டிபி (வலையமைப்பு வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) வைத்துச் சரிசெய்த இரண்டு கணினிகளுக்கிடையே ஒருவழித் தாமதத்தை மைக்ரோநொடி அளவில் அளந்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போய்த் திரும்பும் நேரத்தை ஒரே கடிகாரத்தில் அளப்பது பாதுகாப்பானது.

இனி எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி. அறைக்குள் கட்டுவதை உலகில் எங்கும் கட்டலாம். யாழ்ப்பாணத்தில் கட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டுமென்றால், இந்த நிலம் கேட்கிற கேள்விகளைப் பாருங்கள். மின்சாரம் முதலாவது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மின்சாரம் போகும்போது வலையமைப்பு எந்த ஒழுங்கில் சாகிறது, திரும்பி வரும்போது ஒரு ஊரின் ரவுட்டர்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் எழும்பி முகவரி கேட்டால் என்ன நடக்கிறது, எது முதலில் எழும்ப வேண்டும்? உங்கள் பத்துக் கணினியின் மின்சாரத்தைத் திட்டமிட்டு வெட்டியும் கொடுத்தும் இதைத் திரும்பத் திரும்பச் சோதிக்கலாம். மின்வெட்டு சோதனைக்கு இடைஞ்சல் என்று எல்லோரும் அலுத்துக்கொள்கிறோம். அதையே ஆய்வுப்பொருளாக எடுத்தால் அதைத் தெரிந்தவர்கள் நாம். இதற்கு முன்னுதாரணமும் பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமத்துப் பரிசோதனை நிலையங்களோடு இணைக்க, பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று வைபையை நீண்ட தூரத்துக்குப் பழக்கியது. கிராமத்தில் இருக்கும் நோயாளியை மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார். பொதி வந்து சேர்ந்தது என்று மறுமுனை அனுப்பும் ஒப்புதல் செய்திக்காகச் சாதாரண வைபை காத்திருக்கும் நேரம் கிட்டத் தூரத்துக்கு மட்டுமே போதும் என்பதால், அவர்கள் அந்த நெறிமுறையையே மாற்றி 2007இல் எழுதினார்கள். அடுத்த வருடம் அதே குழு எழுதியது வேறு விஷயம்: வலையமைப்பை உயிரோடு வைத்திருப்பதில் பெரிய எதிரி மோசமான மின்சாரம். அழுத்தம் ஏறி இறங்கிப் பலகைகள் எரிந்தன, ரவுட்டர்கள் தொங்கின, உள்ளூர் ஊழியருக்குக் கருவி பழுதா, கம்பி கழன்றதா என்று கண்டுபிடிக்க வழி இருக்கவில்லை. என் மாணவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது இந்த இரண்டாவது கட்டுரையைத்தான்.

அடுத்தது தீவுகள். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு போக ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரு முனைக்கும் இடையே எந்த நேரமும் தொடர்பு இருக்கும் என்று எதிர்பார்ப்பது டிசிபியின் இயல்பு. தொடர்பு வந்து வந்து போகிற இடத்துக்கு வேறு வகை நெறிமுறை இருக்கிறது: தரவைக் கையில் வைத்துக் காத்திருந்து, வழி கிடைத்ததும் அடுத்தவரிடம் ஒப்படைப்பது. கோள்களுக்கிடையேயான தொடர்பை நினைத்துத் தொடங்கிய இந்த வேலை 2007இல் ஆவணமாகி, 2022இல் ஏழாவது பதிப்பாக வந்திருக்கிறது. இந்தியாவிலும் கம்போடியாவிலும் டாக்நெட் என்ற திட்டம் பேருந்திலும் மோட்டார் சைக்கிளிலும் வைபை கருவியை ஏற்றிக் கிராமங்களுக்கு மின்னஞ்சலைக் கொண்டுபோனது. ஒரு டெராபைட் வட்டை ஒரு மணி நேரப் படகில் ஏற்றினால் சராசரி வேகம் நொடிக்கு 2 கிகாபிட்டைத் தாண்டும். தாமதம்தான் ஒரு மணி நேரம். நெடுந்தீவில் இன்று கைபேசி இணையம் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பார்கள். அவசரமில்லாத பெரிய தரவைப் படகிலும் அவசரமான சிறிய தரவை அலையிலும் பிரித்து அனுப்பும் ஒரு வலையமைப்பு எப்படி முடிவெடுக்க வேண்டும் என்பது இன்னும் திறந்திருக்கிற கேள்வி. படகின் நேர அட்டவணையும் கடல் குழம்பும் நாட்களும் உங்களுக்குத் தெரியும், சிமுலேற்றருக்குத் தெரியாது.

நேரடியாகக் கடலுக்கு மேலால் வைபை போடலாமா என்றால், இங்கேதான் ஐயம் தொடங்குகிறது. கணக்கு மட்டும் உறுதி. 10 கிலோமீற்றர் தூரத்துக்கு 5.8 கிகாஹேர்ட்சில் நடுவழியில் அலைக்குத் தேவைப்படும் முதல் ஃப்ரெனல் வலயத்தின் (நேர்க்கோட்டுப் பாதையைச் சுற்றியுள்ள வெளியின்) ஆரை ஏறக்குறைய 11 மீற்றர். அதில் அறுபது வீதமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும். நம் குடாநாடு தட்டையானது, கோபுரத்தை ஏற்றி வைக்க மலை இல்லை, 20 மீற்றருக்கு மேல் வளரும் பனை எங்கும் இருக்கிறது. நடுவழியில் பனந்தோப்பு இருந்தால் கம்பம் 30 மீற்றர் அளவுக்குப் போய்விடும். கடலுக்கு மேலே பனை இல்லை, ஆனால் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் அலை நேர் அலையோடு மோதும், நீர்மட்டத்தோடு அது மாறவும் செய்யும். வெப்பமான கடற்காற்று அலையை வளைத்து எதிர்பாராத தூரத்துக்குக் கொண்டுபோவதும் உண்டு. அந்தக் காலத்தில் தூரதர்ஷன் பார்க்க அன்டெனாவைத் திருப்பிய வீட்டுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எந்த மாதத்தில் எவ்வளவு என்பதை ஒரு வருடமாவது அளந்தவர்தான் சொல்ல முடியும். அப்படி அளந்து வைத்தால் அதுவே ஒரு நல்ல ஆய்வு. கம்பம் நடுவதற்கு முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் அலைவரிசை, வலு, கருவியின் அங்கீகாரம் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பித் தொடங்கவே வேண்டாம்.

வெளிநாட்டுக் களங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். ரைப் அட்லஸ் என்ற திட்டத்தில் கையடக்கமான அளவீட்டுக் கருவி ஒன்றை உங்கள் இடத்தில் வைத்தால், அது ஓடும் நேரத்துக்குப் புள்ளிகள் சேரும். அந்தப் புள்ளிகளைக் கொடுத்து உலகின் வேறு இடங்களில் உள்ள கருவிகளிலிருந்து அளக்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பொதி கொழும்புக்குப் போகும் வழியையும் சென்னைக்குப் போகும் வழியையும் ஒப்பிட இது போதும். ஒளியிழையில் 400 கிலோமீற்றர் போய்த் திரும்ப 4 மில்லிநொடி தேவை. அளந்தது அதைவிட எவ்வளவு கூட, ஏன் என்று கேட்டாலே இறுதியாண்டு ஆய்வுக்குப் பொருள் வந்துவிடும். இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு ஆசிய, ஐரோப்பிய ஆராய்ச்சி வலையமைப்புகளோடு தொடர்புடையது. வெளிநாட்டுக் களம் ஒன்றோடு சுரங்கம் போட நினைத்தால் அவர்களிடம் முதலில் பேசுங்கள். உங்கள் பல்கலைக்கழகத் தீச்சுவரைப் பராமரிப்பவரிடம் அதற்கும் முன்னால் பேசுங்கள். பிளானெட்லாப் கணினிகளிலிருந்து போன அளவீட்டுப் பொதிகளைத் தாக்குதல் என்று நினைத்து வந்த முறைப்பாடுகள் ஏராளம். உங்கள் சோதனை என்ன செய்கிறது, யாரைத் தொடர்புகொள்வது என்று சொல்லும் ஒரு இணையப் பக்கத்தை, பொதிகளை அனுப்பும் கணினியின் முகவரியிலேயே வைத்துவிடுங்கள். மாணவர்களின் உண்மையான இணையப் போக்குவரத்தைப் பிடித்து ஆராய நினைத்தால் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் அவர்களின் சம்மதமும் வேண்டும்; 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

காசைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கணினி இலவசமாகக் கிடைத்தால், முதலில் வரும் பணத்தை நல்ல யுபிஎஸ் பற்றரிக்கும் மின்னழுத்தத்தைச் சீர்ப்படுத்தும் கருவிக்கும் செலவழியுங்கள். இரண்டாவது, தூர இருந்து ஒவ்வொரு கணினியின் மின்சாரத்தையும் நிறுத்திப் போடக்கூடிய ஒரு ஏற்பாடு. புதுக் கணினி வாங்குவது மூன்றாவதாக இருக்கட்டும்.

கடைசியாக ஆட்கள். இறுதியாண்டு மாணவர் கட்டும் வலையமைப்பு அவர் பட்டம் வாங்கிய வாரத்தில் அநாதையாகிவிடும். அதனால் இப்போதே மூன்றாம் வருடத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல், வரைபடம், படிமத்தை ஏற்றும் நிரல் மூன்றும் இருவர் கையிலும் இருக்க வேண்டும், துறையின் பொதுக் களஞ்சியத்திலும் ஒரு பிரதி. மாதம் ஒருமுறை அந்த மூன்றாம் வருடத்தவர் உங்கள் உதவி இல்லாமல், எழுதி வைத்த குறிப்பை மட்டும் பார்த்து, வலையமைப்பை முழுதாக அணைத்து மறுபடி எழுப்பி, பழைய சோதனை ஒன்றை ஓட்டி அதே முடிவு வருகிறதா என்று பார்க்கட்டும். வராத இடத்தில் குறிப்பைத் திருத்துங்கள். உங்கள் வரைபடத்தையும் நீங்கள் எடுத்துக்கொள்ளப் போகும் கேள்வியையும் இங்கே பதிலாகப் போட்டால், நெட்எம் அமைப்பையும் விஎல்ஏஎன் பிரிப்பையும் நான் பார்த்துச் சொல்கிறேன்.